இளவரசர் தோட்டத்தில் ஓர் அடுப்படி

பெய்ஜிங்கின் பழைய இளவரசர் மாளிகையைப் புதுப்பித்து, டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள். இளவரசர் காலத்துக்குப் பிறகு இருபது குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்த சுவடே இல்லை. கிழவி குய்ஜென் விறுவிறுவென்று தோட்டத்துப் புல்வெளியில் இறங்கி, மூங்கிலோரம் நின்றுகொண்டாள்.

“ஏய், மானத்த வாங்காத! வெளிய வா” என்றார் கணவர் தேஷுன்.

“கல்யாணமாகி வந்து நான் அடுப்பு வெச்சது இங்கதானே? குளிர்காலச் சமையலுக்கு முட்டைக்கோஸ் அடுக்கி வெச்சது அந்தப் பாறை மேலதானே? எழுதி வெச்ச பலகைக்குப் பலகை இளவரசர் கதைதான்! நாம இருந்தோம்னு ஒரு வரி இருக்கா?”

காவலாளி விசிலடித்தபடி ஓடிவந்தான். “அம்மா, புல்லுல நிக்கக் கூடாது!”

தன் அடுப்படியைத் தாண்டிப் போன யாரையும் அந்தக் காலத்தில் அவள் சும்மா அனுப்பியதில்லை. இப்போதும் வாய் முந்திக்கொண்டது.

“சாப்பிட்டியாப்பா?”