நான்காவது தோள்

அமிர்தவல்லியின் பாடை கிளம்பத் தயாராகிவிட்டது. தூக்குவதற்கு நான்காவது தோள்தான் இல்லை. மகன் சம்பத்தும், கல்பாக்கத்திலிருந்து வந்த தாய்மாமன்கள் இருவரும் நின்றிருந்தார்கள். குப்பத்து ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் இருசப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தேர்தல் அறிவித்ததும் ஊர்க்கூட்டம் போட்டிருந்தார்கள். கடல் வீடுகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. கல் கொட்டித் தடுப்பு கட்டித் தருவதாகச் சொன்ன வேட்பாளருக்கே குப்பம் மொத்தமும் ஓட்டு. மாறி நிற்பவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது. தலைவர் திருநாவுக்கரசு சம்மதம் கேட்டார். முதலில் கையைத் தூக்கியவன் இருசப்பன். அவன் பேச்சுக்கு அங்கே மதிப்பிருந்தது. அதைப் பார்த்துத்தான் மற்ற கைகள் மளமளவென்று எழுந்தன. சம்பத் மட்டும் தூக்கவில்லை.

"போன தபாவும் கல்லு கொட்றேன்னுதான் சொன்னாங்கோ" என்று எழுந்து போனவன், மறுநாளே எதிர்க்கட்சிக் கொடியைப் படகில் கட்டினான்.

இருவரும் ஒரே வலை இழுத்தவர்கள். தாயில்லாமல் வளர்ந்த இருசப்பனுக்குச் சோறு போட்டவள் அமிர்தவல்லி. சம்பத் நாலு நாள் முறைத்துக்கொண்டு திரிவான், பிறகு வழிக்கு வந்துவிடுவான் என்றுதான் இருசப்பன் நினைத்தான். அதற்குள் அவள் போய்ச் சேருவாள் என்று யார் கண்டார்கள்?

"நீயே போனா அப்பறம் எவன் கட்டுப்படுவான்?" என்று காலையிலேயே திருநாவுக்கரசு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

உள்ளேயிருந்து மனைவி வச்சலா வந்தாள். கண் சிவந்திருந்தது. "இன்னாய்யா, பாத்துகினே நிக்கிற? அது கையால துன்னவன்தானே நீ?"

இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தான்.

சம்பத் நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வேணாம் மச்சான். நாளைக்கு உன் வூட்லயும் ஒருத்தன் நிக்க மாட்டான்."

"தூக்குடா" என்றான் இருசப்பன். நான்காவது முனைக்குத் தோள் கொடுத்தான்.

நடக்க நடக்கத் திரும்பிப் பார்த்தான். பெண்கள் வாசல்களில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள் நிழலாகத் தெரிந்தார்கள். தன்னைப் பார்த்து இன்னொருவனாவது இறங்கி வருவான் என்று தெருமுனைவரை எதிர்பார்த்தான். கையைத் தூக்கியபோது பின்னாலேயே வந்தவர்கள், இப்போது வரவில்லை.

சாலைக்கு ஏறும் இடத்தில் பிரச்சார வண்டி எதிரே வந்தது. பாடையைக் கண்டதும் பாட்டு நின்றது. வண்டியில் தொற்றியிருந்த குப்பத்து இளைஞர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேலே நின்ற வேட்பாளருக்குச் செத்தது யாரென்று தெரியாது. முந்தின தெருவில் கூப்பிய கைகள் கூப்பியபடியே இருந்தன. உதட்டில் சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.