இடது வலது இல்லாத ஹெட்போன்

என் பழைய ரெயின்கோட்டின் கையை வெட்டி அந்த ஹெட்போனுக்குக் காது மெத்தை தைத்துக்கொண்டிருந்தேன். காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கைக்கு, ரிட்டயர்டு ஆன பிறகு இப்படியொரு உத்தியோகம். என் வீட்டுக்காரர் சில்வஸ்டருக்குப் பழைய ஹெட்போன் பைத்தியம். டீ ஃபேக்டரி வேலையை விட்டு வந்த மறுநாளே பிடித்தது. ஆளைக் காணவில்லையென்றால் தேடவே வேண்டாம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், இவர் கெட்டால் குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே இருக்கும் பழைய இரும்புக்கடை. உயிர் போன ஹெட்போன்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருவார். எந்த நாட்டில் பிறந்தது, எதற்காகச் செய்தது என்று திருகாணியின் தலையைப் பார்த்தே சொல்லுவார். எங்கெங்கிருந்தோ ஆட்கள் படம் எடுத்து அனுப்பி, இது என்ன சார் என்று கேட்பார்கள். பதில் எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுக்கிற ஃபாதர்கூட அத்தனை பெருமையாகப் பேர் வைக்க மாட்டார்.

இந்த ஒன்றுதான் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை. கருப்பாக, கனமாக, ஒவ்வொரு காதும் தேங்காய் மூடி அளவு. இடது, வலது என்று எந்தக் குறியும் இல்லை. வயரின் முனையில் மூன்று முள் வைத்த உருண்டை பிளக். தைத்த மெத்தை சரியாக உட்காருகிறதா என்று நான் மாட்டிப் பார்த்தபோது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. விமானம் ஓட்டுகிறவர்கள் போடுவது என்றார் முதலில். அப்புறம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றார். "பேசறதுக்கு மைக் மாட்டுன தடமே இல்லீங்களே," என்று சொல்லி அதையும் நான் கெடுத்தேன். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று அறுந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றவைத்தார். உயிர் வந்தது. ஆனால் பாட்டுப் போட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவதுபோல் இருந்தது.

"இது பாட்டுக் கேக்கறதுக்குச் செஞ்சதே இல்லை, மெட்டில்டா. வெளிச் சத்தத்தையெல்லாம் அடைச்சுட்டு, ரொம்பச் சின்னச் சத்தம் ஒண்ணை மட்டும் கேக்கறதுக்குச் செஞ்சிருக்கான்."

மறுபடியும் கடைக்குப் போய் மூலை முடுக்கெல்லாம் குடைந்து அதன் ஜோடியைக் கொண்டுவந்தார். முள் ஆடும் மீட்டர் வைத்த ஒரு பெட்டி, அதிலிருந்து வயரில் தொங்கும் பித்தளைக் குண்டு. குண்டின் அடி தட்டை. கிளென்மார்கன் பக்கம் ஏதோ பழைய ஷெட்டைக் காலி செய்தபோது எடைக்கு வந்ததாம். மண்ணுக்கு அடியில் போகிற தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுக் கண்டுபிடிக்கிற செட் அது. குண்டைத் தரையில் வைத்தால் பூமிக்குள் இருக்கிற சத்தம் காதுக்கு வரும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஹாலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதைப் பரீட்சை செய்தார். மிஸ்ட் வாசல் வழியாக வந்து அவரைச் சுற்றி நின்றது. கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை.

"ஊட்டுக்குக் கீழ தண்ணி ஓடுது," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏனென்றால் அந்த வீட்டை நாங்கள் விற்கப் போகிறோம், அது அவருக்குப் பிடிக்கவில்லை. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற படிகளில் என் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மகள் ஜெனிஸ் கோயம்புத்தூரில் எங்களுக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு ரூமைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். இந்த ஈரத்திலிருந்து தப்பி, வெயில் விழும் ஒரு வாசலில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி ஏங்கியதில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போக மனசில்லைன்னா நேராச் சொல்லுங்க," என்றேன்.

குழாய்ச் சத்தமோ என்ற சந்தேகமே வேண்டாமென்று அவர் எழுந்து போய், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முனிசிபாலிட்டிக் குழாயின் வால்வை மூடிவிட்டு வந்தார். ஹெட்போனை என் தலையில் மாட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு கோவிலுக்குள் இருக்குமே, அந்த மாதிரி நிசப்தம். அப்புறம் வெகு ஆழத்தில் கேட்டது. குழாய்த் தண்ணீர் மாதிரி அவசரம் இல்லை. கல்லுக்குக் கல் நின்று, ஏதோ யோசித்து, மறுபடி நடந்தது. நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு. டீ ஆறிப் போகிற வரை உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்வானேன், அப்படி ஓர் அழகான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் அதே வேலையாகிவிட்டது. மத்தியானமானால் தரையில் உட்கார்ந்துவிடுவோம். ஹாலுக்கு அடியில் ஓடியது. மாதா படத்துக்கு அடியில் ஓடியது. எங்கள் கட்டிலுக்கு அடியில் இரண்டாகப் பிரிந்தது. இத்தனை வருஷம் அதன்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறோம், பிள்ளை பெற்றிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம். ஒரு நாள் கேட்டபடியே கண்ணயர்ந்துவிட்டேன். வீடு பூமியை விட்டு மெல்ல எழுந்து மிஸ்டுக்குள் போவதாகக் கனவு வந்தது. பயமே இல்லை. ஆனால் விழித்ததும் சுவரெல்லாம் விரிசல் தேடினேன். மலையில் வாழ்கிறவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். மேலே ஓடுகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்து போகும். கீழே ஓடுகிறது மண்ணைத் தின்றுகொண்டு போகும். போன மழையில் எதிர்ச்சரிவில் ஒரு வீடு இருந்த இடத்தில் விடிந்தபோது சிவப்பு மண்தான் இருந்தது.

வீட்டை வாங்கப் போகிறவள் ரஞ்சனி. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பந்தலூர் எஸ்டேட்டில் பிறந்தவள். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அங்கேயும் லயத்தில் ஒற்றை ரூம், இங்கேயும் லயத்தில் ஒற்றை ரூம். முதல் தடவை வீடு பார்க்க வந்தபோது அப்பா வீரையாவைக் கூட்டி வந்திருந்தாள். அவர் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்த்தார். "இத்தன காம்பராவும் ஒரே குடும்பத்துக்குத்தானா, டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அந்தப் புள்ளைகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார் என் வீட்டுக்காரர், சனிக்கிழமை.

"இத்தன வருசமா நமக்கு ஒண்ணும் ஆகலைங்களே."

"நீ சொல்றதுதான். வேண்டாம்னா பெட்டியை மூடி மேல வெச்சுர்றேன்."

பழியைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு மனுஷன் நிம்மதியாக வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் இந்த வீட்டை யாரும் வாங்கப் போவதில்லை. நானும் இந்தப் படிகளை விட்டு எங்கும் போகப் போவதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் ரஞ்சனி வந்துவிட்டாள். அட்வான்ஸ் கொடுக்கிற நாள். கையில் பேக்கரியில் வாங்கிய சூடான வர்க்கிப் பொட்டலம், தோள்பையில் பணம். உட்காரக்கூட இல்லை, டேப்பை எடுத்து ஹால் ஜன்னலை அளக்க ஆரம்பித்தாள்.

"டீச்சர், இதுக்கு மஞ்சக் கலர் ஸ்கிரீன் போட்டா, மிஸ்ட் எறங்குனாலும் வெளிச்சமாத் தெரியுமில்லீங்களா?"

மஞ்சள் நன்றாக இருக்கும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜெனிஸின் வாசல் வெயில் கண்முன்னே நின்றது.

"ஏனுங்க," என்றேன். "அந்தப் பெட்டியை எடுத்துட்டு வாங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் போனார். ஹெட்போனை ரஞ்சனியின் தலையில் நான் மாட்டினேன். அவர் குண்டைத் தரையில் வைத்தார். பிள்ளையின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. காது அடைத்திருந்ததால் கத்திப் பேசினாள்.

"எவ்வளவு நல்லாருக்கு, டீச்சர்! எங்கருந்து வருது?"

நான் விரலால் தரையைக் காட்டினேன்.

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்து குண்டை வாங்கிக்கொண்டு, கட்டில் ரூமுக்குப் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவரும் பின்னாலேயே போனார். அங்கே மண்டியிட்டாள். இன்னும் கொஞ்சம் தள்ளி மண்டியிட்டாள். மாதா படத்துக்குக் கீழே வெகு நேரம் இருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் இல்லையென்று குண்டு சொல்லுமா என்பதுபோல் காத்திருந்து எழுந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவி, உனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறதே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சொன்னதற்கா, சொல்ல இத்தனை நாள் ஆனதற்கா என்று தெரியவில்லை.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், இங்க கேக்கல!"

போய்ப் பார்த்தேன். அடுப்பு மேடைக்கும் பின்கதவுக்கும் நடுவில், ஒரு பாய் விரிக்கிற இடத்தில் குந்தியிருந்தாள். குண்டை ஒரு சாண் தள்ளி வைத்தாள். அங்கேயும் இல்லை. இன்னொரு சாண். முகத்தில் மறுபடியும் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. சுவரோரம் போனவளை என் அரிசி டின் மறித்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எங்க லயத்துல இவ்வளவு எடத்துலதான் எல்லாரும் படுப்போம். இதைக் கொஞ்சம் நகத்தித் தர்றீங்களா, டீச்சர்?"

முழங்கால் வலியோடு குனிந்து டின்னை இழுத்தேன். அது இருந்த வட்டத்தில் குண்டை வைத்துவிட்டு ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள்.