கதவுக்குப் பின்னால் வேதியியல்

“நம்பலையா? சரி, மறுபடியும் சொல்றேன். நீ நம்புற வரைக்கும் நான் விடமாட்டேன்.”

இனியாவின் அறைக்குள்ளிருந்து இந்தப் பேச்சு வந்தபோது சாமுண்டீஸ்வரி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுப் பெண், கதவைச் சாத்திக்கொண்டு, இப்படிக் கொஞ்சலும் கெஞ்சலுமாக யாரிடம் பேசுவாள்? கையிலிருந்த பள்ளிச் சட்டையை அப்படியே போட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் கதவருகே போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே பேச்சு நின்றுவிட்டது. அது போதாதா?

“என்னங்க, உள்ள யார்கிட்டயோ பேசுறா.”

அவள் கணவர் ஷங்கர், பூன் லேயில் வேலையை முடித்துவிட்டு ஈசூன் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்த அலுப்பில் இருந்தார். “படிக்கிறா லா, ஈஸ்வரி. விடு.”

“படிக்கிறவ எதுக்கு நம்பு நம்புங்கிறா?”

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அந்த மனிதர், கூரையே பறந்து போனாலும் காற்று நன்றாக வருகிறது என்பார்.

சாமுண்டீஸ்வரியையும் சும்மா குறை சொல்லக் கூடாது. விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்த்துச் சோதிப்பது அவள் வேலை. அந்த இயந்திரம் லேசுப்பட்டதில்லை. ஆட்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, இல்லாத கத்தியின் படத்தை நடுநடுவே யாரோ ஒருவர் பைக்குள் இருப்பதுபோல் காட்டும். கவனிக்காமல் விட்டால் மேலதிகாரி கூப்பிடுவார். ஒரு பையைத் தப்பாக நிறுத்தினால் ஒரு ‘சாரி’யோடு முடிந்துவிடும். தப்பாக விட்டால் வேலையே போய்விடும். வருடக்கணக்காக இதிலேயே ஊறியவள், வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றினாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியுமா?

சந்தேகப்பட முகாந்திரமும் இருந்தது. இனியாவுக்கு இது ஓ லெவல் பொதுத்தேர்வு வருடம். அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் தோற்றுப்போயிருந்தாள். அத்தனைக்கும் படிக்காத பெண் இல்லை. பாடக்குறிப்பில் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று வர்ணம் தீட்டித் தீட்டி வெள்ளைத் தாளே தெரியாமல் பண்ணிவிடுவாள். அதையே திரும்பத் திரும்ப வாசிப்பாள். பரீட்சையில் போய் உட்கார்ந்தால் எல்லாம் காற்றோடு போய்விடும். அப்படிப்பட்டவள் இந்த முறை, பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில், வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள். டியூஷன் கிடையாது. வர்ணப் பேனாக்களும் இழுப்பறைக்குள் தூங்கின. பெற்றவள் சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டாள், அன்று ஒரு நாள் மட்டும். மறுநாளே ‘எப்படி?’ என்று ஆரம்பித்துவிட்டாள்.

பள்ளிப்பையைக் குடைந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. போனை வாங்கிப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. வேறு தாயாக இருந்தால் நிம்மதியாகப் போய்த் தூங்கியிருப்பாள். இவளுக்கோ பை அவ்வளவு சுத்தமாக இருந்ததே சந்தேகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாமிக்குப் பூ வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனபோது, காய்கறிக் கடையில் அனிதா அகப்பட்டாள். முன்பு விமான நிலையத்தில் கூட வேலை பார்த்தவள். முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“ஐயோ ஈஸ்வரி, நீ எந்தக் காலத்துல இருக்க? இப்பல்லாம் பிள்ளைங்க கம்ப்யூட்டரக் கேட்டே பதில் எழுதிடுறாங்க லா. காதுக்குள்ள வெச்சுக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு இருக்காம். முடிய விட்டு மறைச்சா யாருக்குத் தெரியும்? அதுகிட்ட பேசிப் பழகுறாளோ என்னமோ.”

“எம் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா.”

“நான் செஞ்சான்னா சொன்னேன்? ஓ லெவல்ல மாட்டுனா எல்லாப் பேப்பரும் போச்சு. இப்ப ஸ்கூல்லயே கண்டுபிடிச்சா ஒரு திட்டோட போயிடும். அவ்வளவுதான் சொன்னேன்.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். இங்கே சாமுண்டீஸ்வரியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாயிற்று. ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் முதல் வேலையாக, வகுப்பாசிரியர் சேவியருக்கு மெசேஜ் எழுதினாள். இனியா எப்படி இவ்வளவு மார்க் வாங்கினாள் என்று கொஞ்சம் விசாரியுங்கள். படிக்கும்போது யாருடனோ பேசுகிறாள். காதில் ஏதும் வைத்திருக்கிறாளா என்றும் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அனுப்பியதும், பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட தெம்பு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால், அறைக்குள் மறுபடியும் அதே குரல்.

“உப்புக்கட்டியில கரண்ட் போகாது. அதையே தண்ணில கரைச்சா போகும். ஏன்னு கேக்குறியா? கேளு, கேளு. உனக்குத்தான் எல்லாத்துக்கும் ஏன் வேணுமே.”

மாட்டினாள்! பூப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கதவைத் தள்ளினாள். “யாருடி அது? காதுல என்ன? முடிய ஒதுக்கு!”

இனியா ‘ஆ’வென்று அலறிவிட்டாள். காதில் ஒன்றும் இல்லை. அறையில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு எதிரே ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் சாமுண்டீஸ்வரி வேலைக்குப் போட்டுப்போகும் பழைய சீருடை ஜாக்கெட், பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டு மாட்டியிருந்தது.

“யார்கிட்ட பேசுன?”

இனியாவின் முகம் வெட்கத்தில் சுருங்கியது. “உன்கிட்டதான்.”

“விளையாடுறியா?”

“நிஜமாம்மா. லைப்ரரில ஒரு அக்கா வந்து எப்படிப் படிக்கிறதுன்னு பேசுனாங்க. சும்மா வாசிச்சுக்கிட்டே இருந்தா தெரிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா தெரிஞ்சிருக்காதாம். புத்தகத்த மூடி வெச்சிட்டு, பாடம் தெரியாத ஒருத்தருக்குச் சொல்லிப் பாக்கணும். எங்க திக்குதோ அங்கதான் நமக்கே புரியல. அத மட்டும் திரும்பப் படிக்கணும்.”

“பாடம் தெரியாத ஆளுன்னா ஒனக்கு நான்தான் கெடைச்சேனா?”

“மொதல்ல ரோஷினி உட்கார்ந்திருக்கிறதா நெனைச்சுதான் சொல்லிப் பாத்தேன். அவ என் பெஸ்ட் ஃப்ரெண்ட் லா, எது சொன்னாலும் ஓகே ஓகேன்னு தலைய ஆட்டிடுவா. நீன்னா விடமாட்ட. யாரு சொன்னா, நீ பாத்தியா, எப்படி நம்புறதுன்னு தொளைச்சு எடுப்ப. உன்ன நம்ப வெச்சிட்டா பரீட்சை ஈசிம்மா.”

சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தன் ஜாக்கெட்டின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். “சரி, கரைச்சா மட்டும் எப்படிப் போகும்?”

“உப்புக்குள்ள அயனிங்க இருக்கும்மா. கட்டியா இருக்கும்போது, கூட்ட நேரத்து எம்ஆர்டி ரயில் மாதிரி. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க, யாராலயும் அசைய முடியாது. தண்ணில கரைச்சா அதுங்க நடமாட ஆரம்பிச்சிடும்.”

“அத யாரு பாத்தா?”

இனியா கைகொட்டிச் சிரித்தாள். “இதுதான், இதுதான்!”

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. சேவியரின் பதில். ‘தகவலுக்கு நன்றி. திங்கட்கிழமை விசாரிக்கிறேன்.’ சாமுண்டீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறைக்கு ஓடிப்போய், தவறாக நினைத்துவிட்டேன், வேண்டாம் என்று எழுதினாள். இப்படி ஒரு புகார் வந்த பிறகு பார்க்காமல் விட முடியாது என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். மகளிடம் சொல்லிவிடலாம் என்று சனியும் ஞாயிறும் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கடைசியில் அவளுக்குப் பிடித்த இறால் பிரட்டலைச் செய்து போட்டாள், அவ்வளவுதான் முடிந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்த இனியாவின் கண்கள் வீங்கியிருந்தன.

“கிளாஸ் நடக்கும்போதே கூப்பிட்டுத் தனியா உட்கார வெச்சாங்கம்மா. ஒரு டீச்சர் வந்து முடிய ஒதுக்கிக் காதப் பாத்தாங்க. புதுப் பேப்பர் குடுத்தாங்க. எல்லாத்தையும் எழுதிட்டேன். சாரே சாரி சொன்னாரு. ஆனா மொத்தக் கிளாஸும் நான் காப்பியடிச்சேன்னுதான் பேசுது.”

“சாப்பிடும்மா மொதல்ல.”

“யாரு போட்டுக் குடுத்தான்னு எனக்குத் தெரியும். ரோஷினிதான். மார்க் வந்தப்ப ‘எப்படிடீ திடீர்னு?’ன்னு கேட்டா. கேண்டீன்ல எல்லார் முன்னாடியும் நல்லாக் கேட்டுட்டேன். அழுதுக்கிட்டே போனா. இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சேவியர் வாயைத் திறக்க மாட்டார். மகள் இவளை எப்போதும்போல் அம்மா அம்மா என்று சுற்றி வருவாள். ஆனால் தொடக்கப்பள்ளி நாளிலிருந்து இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை அந்த ரோஷினி. அவள் கேண்டீனிலிருந்து அழுதுகொண்டே போனதை நினைத்தால் சாமுண்டீஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை.

“ரோஷினி இல்லடி. நான்தான் சொன்னேன்.”

இனியா நம்பவில்லை. “அவளக் காப்பாத்தப் பாக்குற.”

“சத்தியமா நான்தான்.”

“எப்படி நம்புறது? காட்டு.”

போனைத் திறந்து நீட்டினாள். இனியா படித்தாள். திரையைத் தள்ளி மேலே போய் மறுபடியும் படித்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று சாமுண்டீஸ்வரிக்குத் தோன்றியது. அவள் கத்தவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ பொய் சொல்லுவியோன்னு...” பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாதியே போதுமானதாக இருந்தது.

இனியா தன் போனை எடுத்து ரோஷினியைக் கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். ‘சாரி டீ, சாரி டீ’ என்று தேம்பித் தேம்பி அழுதாள். பேசி முடித்ததும் போனைச் சாப்பாட்டு மேசையில் சார்ஜ் போட்டுவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சாமுண்டீஸ்வரி கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து பேச்சு வந்தது.

“கவனி. ஆசிட்டையும் ஆல்கலியையும் சேர்த்தா உப்பும் தண்ணியும் வரும். சரியா, ரோஷினி? ஓகேதானே?”

ரோஷினி அங்கே இல்லை. போன் மேசைமேல்தான் கிடந்தது. இரண்டு எரிக்கிற சாமான் சேர்ந்தால் எப்படித் தண்ணீர் வரும், யார் சொன்னது என்று கேட்கச் சாமுண்டீஸ்வரிக்கு வாய் துடித்தது. இனியா யாரும் எதுவும் கேட்காமலேயே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.