அது மேலேயே எடு

கிடார்காரருக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் 'இன்னொருதரம்'. வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். சாயங்காலம் ஓட்டலில் சாப்பிட வருகிறவர்களுக்கு வாசித்துச் சம்பளம், பகலில் வீட்டுப் பின்னறையில் சாதகம். சாதகமென்றால் ஒரே ஒரு மெட்டுக்குத்தான். அவரே கட்டியது, வாசித்தால் பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷத்தை மனுஷன் பதினெட்டு வருஷமாக இழைத்துக்கொண்டிருந்தார். நாலு சுரம் வாசிப்பார், நிறுத்துவார், "இன்னொரு தரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அதே நாலு சுரத்துக்குப் போவார். பக்கத்து அறையில் தையல் மெஷின் மிதிக்கும் மனைவி அதைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாளே ஒழிய முழுசாக ஒரு நாளும் கேட்டதில்லை. முழுசாக வாசித்தால்தானே!

மனைவியின் தம்பி ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தான். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டான். "வாங்க மாமா, பதிவு பண்ணிடலாம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி."

"பொறுத்தார் பூமி ஆள்வார் மாப்ள. மூணாவது பாகம் இன்னும் கைக்கு வரல."

அடுத்த வருஷம் இரண்டாவது பாகம் கைக்கு வரவில்லை. அதற்கடுத்த வருஷம் கிடாரே சரியில்லை. பூமியை ஆள்வது கிடக்கட்டும், ஒரு டேப்பையாவது ஆண்டிருக்கலாம்.

அப்புறம் இடது கை மோதிர விரல் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. கம்பியை அழுத்தப் போனால் தானாக உள்ளங்கைப் பக்கம் மடங்கிக்கொள்ளும். புத்தியுள்ளவன் நாலு நாள் கிடாரை மூலையில் சாய்த்திருப்பான். இவரோ விரலுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டதென்று முடிவு கட்டி, சாதகத்தைக் கூட்டினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகரத்தான் செய்தது, அவர் காலின் மேலேயே. ஆறு மாசம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓட்டலில் நாலு பாட்டைத் தப்பாக வாசித்து முதலாளி முகம் கோணிய பிறகுதான் புருஷனும் மனைவியும் நரம்பு டாக்டரிடம் போனார்கள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வாசிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"முன்னெல்லாம் நாலு மணி நேரம். விரல் இப்படி ஆனதுலேருந்து ஏழு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். விரலில் கோளாறு இல்லை, விரலுக்கு உத்தரவு போடும் மூளையில் கோளாறு. ஒரே அசைவை ஓயாமல் செய்ததில் அதற்குக் கணக்குக் குழம்பிவிட்டது என்றார்.

"இன்னும் நல்லாப் பழகினா சரியாயிடாதா டாக்டர்?"

"பழகினதுதான் சார் வியாதியே."

நல்ல ஓய்வு கொடுத்தால் காலையில் கொஞ்ச நேரம் விரல் சொன்னபடி கேட்கும். அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கிடார்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மனைவி அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இருக்கிறதையாவது எடுத்து வெச்சுக்கலாங்க. தம்பிகிட்ட போவோம்" என்றாள்.

பதினைந்து நாள் கிடாரைத் தொடாமல் இருந்துவிட்டு, பதினாறாம் நாள் காலையில் போனார்கள். மச்சான் யாருக்கும் தராமல் பொத்தி வைத்திருந்த புது டேப் ஒன்றை எடுத்து மாட்டினான். மற்றதெல்லாம் பழசு, இரையும். அவர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்காவும் தம்பியும்.

விரல் கேட்டது. பதினோரு நிமிஷமும் கேட்டது. மனைவிக்கு இசை கிசை ஒன்றும் தெரியாது; இருந்தும் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கம் இதுவா நடந்துகொண்டிருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மூணாவது பாகத்துல கம்பி கீச்சுன்னுச்சு, கேட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எனக்குக் கேக்கலையே மாமா."

"எனக்குக் கேட்டுச்சு. இன்னொரு தரம் போலாம்."

"சரி, இது இருக்கட்டும். வேற டேப் மாட்டறேன்."

"அந்தப் பழசு இரையும். வேணாம், அது மேலேயே எடு."

"மாமா, சொன்னாக் கேளுங்க. மேலே எடுத்தா இது அழிஞ்சிடும்."

"அது அங்க பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சா எனக்குக் கை வராதுய்யா. அது மேலேயே எடு!"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரியாததா? அவர் சொல்றபடி செய்டா" என்றாள்.

இரண்டாம் தரம் ஐந்து நிமிஷம் ஓடியதும் விரல் மடங்கியது. மூன்றாம் தரம் இரண்டே நிமிஷம். அதற்கப்புறம் எண்ணி என்ன ஆகப்போகிறது? மத்தியானத்துக்குள் விரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. வலது கையால் அதை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்துப் பார்த்தார், பாவம். மச்சான்தான் உள்ளே போய்க் கிடாரை வாங்கி வைத்தான்.

இரண்டு வாரம் கழித்துப் போனார்கள், இரண்டு மாசம் கழித்தும் போனார்கள். விரல் வரவேயில்லை. எழுதிக் கொடுத்தால் வேறு யாரையாவது வாசிக்க வைக்கலாமே என்று மச்சான் கேட்டான். "சுரத்தை எழுதலாம். என் கைய எங்க எழுதறது?" என்றார் இவர்.

அன்றைக்குத்தான் மச்சான் அந்த டேப்பைப் போட்டுக் காட்டினான். தொடக்கத்தில் தடுமாற்றம், நடுவில் நின்று நின்று போன சத்தம், "ச்சே" என்று அவர் குரல். ஐந்து நிமிஷம் தாண்டியதும் சடாரென்று அந்தக் காலை வாசிப்பின் மிச்சம் வந்து விழுந்தது. மேலே பதிவாகாமல் தப்பித்தது அவ்வளவுதான். கிடார்காரர் காதைத் தீட்டிக்கொண்டு மூன்றாவது பாகத்துக்காகக் காத்திருந்தார். மூன்றாவது பாகம் வந்தது, போனது, இசையும் முடிந்தது.

"கீச்சு எங்க?" என்றார்.

திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். கீச்சென்று எதுவுமே இல்லை.

வீட்டுக்கு வந்தவர் பின்னறைக்குப் போகாமல் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு முழுசாக் கேட்டது நீயும் உன் தம்பியுந்தான். அவன் பதிவு மெஷின் முள்ளையே பாத்துட்டு இருந்திருப்பான். நீ சொல்லு, முதல் அஞ்சு நிமிஷம் எப்படி இருந்துச்சு?"

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். "நல்லா இருந்துச்சுங்க."

"நல்லான்னா எப்படி?"

அவள் யோசித்தாள். வாயைத் திறந்து மெதுவாக முனகிப் பார்த்தாள்; இரண்டு சுரத்துக்கு மேல் வரவில்லை, அந்த இரண்டும் தப்பு. "எனக்குச் சொல்லத் தெரியலீங்க" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "தம்பி என்னைப் பாத்தான்ல, அப்பவே நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்."

"நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா?" என்றார் அவர்.

கேட்டிருக்க மாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரியும்.