பித்தான் செடிக்கு நல்ல தண்ணி

இடுப்பு தனியாகக் கழன்று பின்னால் நடந்து வருவதுபோல் இருந்தது பெரியநாயகத்துக்கு. பகல் முழுக்கச் சாய்ந்த பலகைமேல் கவிழ்ந்து நின்று, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் தோலில் ஒட்டிய சதையை வழித்துத் தள்ளுகிற வேலை. தாராவியில் தோல் பதனிடுகிற டேனரிகளில் அந்த வேலையைக் கொஞ்ச வருஷம் செய்தவன் எவனும் நேராக நிற்கமாட்டான். இவனோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்கிறவன். தன் ஒற்றை அறைக் கோலிக்கு வந்ததும் பாயை விரித்து விழுந்துவிட வேண்டும் என்றுதான் வந்தான். வாசலில் கூரை விளிம்பில் தொங்கிய கட்டையைக் கண்டதும் நினைவு வந்துவிட்டது. சனியன், அதற்குத் தண்ணீர் காட்டவேண்டும்.

அன்னத்தாய் அன்று காலைதான் அம்பர்நாத்துக்குப் போயிருந்தாள். மகள் கனகவள்ளிக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது முறை. ஆனால் போன வருஷம் மழை பொய்த்து, பம்பாய் முழுக்கக் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. குடிக்கவே தண்ணீர் இல்லாத கோலியில் பிள்ளைத்தாச்சியை வைத்து என்ன செய்வது என்று தாய் வீடு தானே கிளம்பிப் போய்விட்டது. போகும்போது புருஷனுக்கு அரிசி எங்கே, புளி எங்கே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செடியைப் பற்றித்தான் சொன்னாள்.

"சாயங்காலம் ஒரு கை நல்லதண்ணி தெளிச்சா போதும். கிணத்துத் தண்ணிய அது பக்கத்துலயே கொண்டு போயிராதீங்க. வேற ஒண்ணும் செய்யவேண்டாம். தொடவே வேண்டாம்."

"எனக்கு யாருளா சோறு போடுவா?"

"உங்களுக்கு ஓட்டல் இருக்குல்லா. அதுக்கு ஏது ஓட்டல்?"

செடி என்றால் செடி மாதிரியா இருந்தது அது! முழங்கை நீளத்தில் ஒரு நாவல் கட்டை. அதன் பட்டையில் சட்டைப் பித்தான்களை அள்ளிப் பதித்ததுபோல் தட்டையாக, பச்சையாக, நெருக்கமாகச் சில. இலை கிடையாது, கிளை கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வக்கார் என்கிற விறகுக் கிடங்கில் வாங்கிய கட்டு ஒன்றில் அது வந்திருந்தது. கர்ஜத் பக்கத்துக் காட்டு விறகு. அடுப்பில் வைக்கப் போனவள், ஒரு பித்தானை நகத்தால் கீறிப் பார்த்து, "இதுல உசிரு இருக்கு" என்று எடுத்து வைத்துவிட்டாள். அன்றைக்கு ரேஷன் கோதுமை அரைவேக்காட்டில்தான் இறங்கியது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். டால்டா டப்பாவில் மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் போட்டுக் கட்டையை நட்டாள். மண் பட்ட பித்தான்கள் கறுத்து அழுகின. உடனே பிடுங்கிக் கழுவி அந்தரத்தில் தொங்கவிட்டாள். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்தே அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். காலை வெயில் ஆகும், உச்சி வெயில் ஆகாது. நனையவேண்டும், உடனே உலரவும் வேண்டும். மாதுங்காவில் அவள் பாத்திரம் தேய்க்கிற வீட்டு அம்மிணி மாமியிடம், உதிர்ந்த பித்தான் ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினாள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது ஆர்க்கிட் ஜாதின்னா! எங்க பாலக்காட்டுல மரவாழைன்னு சொல்லுவோம். ஆனா இத்தனூண்டு நான் கண்டதே இல்லை" என்றாள்.

போன மழைக்குப் பித்தானுக்கு இரண்டு இலை விட்டுக் காய்ந்துபோனது. பூக்கவில்லை. இந்த வருஷம் பித்தான்கள் கொழுத்திருந்தன. இந்த மழைக்குக் கட்டாயம் பூக்கும் என்று சந்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவர்களும் குழாயடியில் அவளைக் கண்டால், "என்ன அன்னத்தாயி, விறகு பூத்துருச்சா?" என்பார்கள். கட்டையோடு சேர்த்து, பூக்கும் என்ற அந்தச் சொல்லையும்தான் அவள் பெரியநாயகத்தின் கையில் விட்டுப் போயிருந்தாள்.

அவன் அவள் சொன்னபடிதான் செய்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எக்கி, ஒரு கை தண்ணீர் தெளித்தான். இரண்டு மூன்று நாள் இப்படிப் போனது. அப்புறம்தான் கவனித்தான். வெக்கையில் பட்டை கட்டையை விட்டுக் கிளம்பி வாய் பிளந்து நின்றது. அன்னத்தாய் சுற்றியிருந்த சேலைக்கரை இற்றுப்போயிருந்தது. காற்றடித்தால் பட்டை பெயர்ந்து பித்தான்களோடு சாக்கடையில் விழும்.

கட்டுவது என்றால் தோல் வாரைவிட உறுதியான கட்டு உலகத்தில் உண்டா? தோல்காரனுக்கு வேறென்ன தோன்றும்? மறுநாள் டேனரியில் பச்சைத்தோல் வந்து இறங்கியது. தொட்டியில் போடுமுன் காதையும் காலையும் நறுக்கித் தள்ளுவார்கள். அந்த நறுக்குகளில் நீளமான ஆட்டுத்தோல் வார் ஒன்றைப் பொறுக்கி மடியில் சொருகினான். பக்கத்துப் பலகையில் வேலை செய்கிற பூலோகம் பார்த்துவிட்டான்.

"என்னவே, பொஞ்சாதி அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் செருப்புத் தைக்க ஆரம்பிச்சிட்டீரா?"

"செடிக்குவே."

"செடிக்குச் செருப்பா! நல்லா இருக்குவே உம்ம குடித்தனம்."

வாரைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டதும் பட்டை ஒட்டி உட்கார்ந்தது. காக்கை ஒன்று வந்து வாரைக் கொத்தி இழுத்துப் பார்த்தது, அசையவில்லை. அன்னத்தாய் வந்து பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் கட்டையை நல்ல வெளிச்சத்தில் பார்த்தான். வார் காய்ந்து கம்பிபோல் இறுகிப் பித்தான்களுக்குள் புதைந்திருந்தது. அதை ஒட்டிய பித்தான்கள் வேகவைத்த நிலக்கடலைத் தோல்போல் பழுப்பாகச் சுருங்கியிருந்தன. பட்டை மேலே வெள்ளையாக ஒரு பூப்பு. அந்த வெள்ளையை அவனுக்குத் தெரியாதா? விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

ஆட்டை அறுத்ததும் தோல் கெட்டுப்போகாமல் இருக்க அப்பி அனுப்பிய உப்பு. தினம் அவன் தெளித்த தண்ணீரே அதைக் கரைத்துப் பட்டையெங்கும் இறக்கியிருந்தது. வாழ்நாள் முழுக்க உப்பைக் கழுவிக் கூலி வாங்கியவன், வீட்டில் உப்பைக் கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறான்.

கத்தியால் வாரை அறுத்து எறிந்தான். செடியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. உப்பைப் பற்றித் தெரியும். மேலே ஊற்றிக் கழுவினால் உப்புப் போகாது. முழுக்க ஊறவைக்கவேண்டும், தண்ணீரைக் கொட்டவேண்டும், புதுத் தண்ணீரில் மறுபடி ஊறவைக்கவேண்டும். நாக்கு போதும் என்கிறவரை. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். சந்துக் கிணற்றிலோ கழிமுகத்து உப்பு.

வீட்டில் இருந்தது அன்றைக்குக் குடிக்கப் பிடித்த குடம் ஒன்றுதான். வாளியில் கட்டையைப் படுக்கவைத்து, குடத்தை அப்படியே கவிழ்த்தான். சாயங்காலம் அந்தத் தண்ணீரை நக்கிப் பார்த்தான். கடல்.

மறுநாள் விடியுமுன் குழாயடி வரிசையில் நின்றான். கோலிக்கு ஒரு குடம் என்பது அந்தக் கோடையில் சந்தே கூடி எடுத்த முடிவு. கணேசபாண்டியன் குழாய்க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரிசையைக் காவல் காத்தான். குடம் நிறைந்ததும் பெரியநாயகம் நகராமல் நின்றான்.

"இன்னொரு குடம் வேணும்."

"ஒரு கோலிக்கு ஒண்ணு. உம்ம கோலியில இப்ப ஆளே நீரு ஒருத்தர்தான். ரெண்டு குடத்துல குளிச்சு மாப்பிள்ளையாப் போகப் போறீரா?"

விருந்தாளி வந்திருக்கிறான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை.

"செடிக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. "விறகுக்குத் தாகமாம்!" என்றது ஒரு குரல். சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். "பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சத் தண்ணி இல்லாம நிக்கோம், இவருக்கு விறகை நனைக்கணுமாம்."

அது நியாயம். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அதையும் வாளியில் ஊற்றிவிட்டுத் தொண்டை காய வேலைக்குப் போனான். டேனரி வாசலில் குடித்த சாயாதான் அன்றைக்கு அவன் குடித்த தண்ணீர். திரும்பி வந்து நக்கிப் பார்த்தான். உப்புக் குறைந்திருந்தது, போகவில்லை.

அடுத்த நாள் காலையில் அவன் குழாயடிக்குக் கிளம்புமுன் வாசலில் 'டங்'கென்று ஒரு சத்தம். பக்கத்துக் கோலி பேகம். இடுப்பிலிருந்து நிறைகுடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"இந்தாங்க அண்ணாச்சி. நான் முந்திப் போயிப் பிடிச்சிட்டேன். இத அதுக்கு ஊத்துங்க. உங்க குடத்தை நீங்க குடிங்க."

"உங்களுக்கு?"

"எங்களுக்கு இன்னைக்கு ஓட்டல் சாயா. அக்கா வந்து இந்தக் கட்டையப் பாத்து ஒப்பாரி வச்சா பக்கத்துக் கோலியில இருந்து நான்லா கேக்கணும்."

உள்ளேயிருந்து அவள் புருஷன் கரீம் பாட்சா கத்தினான். "குடிக்கிற தண்ணிய மரத்துக்கு ஊத்துதா பாரு!"

"மரத்துக்கு இல்ல, மனுசருக்கு. அண்ணாச்சி மூஞ்சிய வந்து பாருங்க, அதுவும் உப்புப் பூத்துத்தான் கெடக்கு." பிறகு இவன் பக்கம் திரும்பி விரலை ஆட்டினாள். "இது தானம்னு நினைச்சிராதீங்க. கடன்."

அந்தத் தண்ணீரில் கட்டை பகல் முழுக்க ஊறியது. சாயங்காலம் விரலை நனைத்து நாக்கில் வைத்தபோது, தண்ணீர் தண்ணீராக இருந்தது. கட்டையை எடுத்து நிழலில் சாய்த்து வைத்தான். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

அன்னத்தாய் பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்தாள். இடுப்பில் இருந்த மூட்டையை இறக்கவில்லை, கண் கட்டைக்குப் போய்விட்டது.

"என்னத்தைக் கட்டினீங்க?"

அவன் மறைக்கவில்லை. வாரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான்.

"தொடவேண்டாம்னுதானே சொல்லிட்டுப் போனேன். கை சும்மா கெடக்காதா? உப்பு வச்சு ஊறுகாய் போட்டுட்டீங்களே!"

"பட்டை கழண்டு விழப் பாத்துச்சு."

"விழுந்தா பொறுக்கி வச்சிருப்பேன்."

மூட்டையை எறிந்துவிட்டு உட்கார்ந்து பட்டையை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது. "எத்தனை தண்ணி மாத்தினீங்க?"

"மூணு குடம்."

"அதுல நம்ம குடம் ரெண்டும்னா, நீங்க எதைக் குடிச்சீங்க?"

அவன் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தான். அவள் கட்டையை மடியில் கிடத்திக்கொண்டு, "ஈர்க்குச்சி ஒண்ணு ஒடிச்சுத் தாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான் பெரியநாயகம். ஈர்க்கு நுனியால் செத்த பித்தானை மட்டும் நெம்பினாள். அடுத்ததின் வேர், தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை வேர், அறுபடவில்லை. நெம்பிய இடத்தில் மஞ்சள் தொட்டு வைத்தாள். பழைய கொசுவலையிலிருந்து நூல் உருவி, பித்தான்களுக்கு நடுவே சந்து பார்த்துச் சுற்றினாள். எங்கே சுற்றினாள் என்று தேடினாலும் தெரியவில்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எல்லாம் போயிருந்தது. ஓரத்துப் பித்தான்கள் மிஞ்சின. காலையில் விரல்நுனித் துணியால் அவற்றின் மேல் படிந்த டேனரித் தூசியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இரவில் ஏறுகிற நத்தையை விடியலில் எடுத்துத் தூரப் போட்டாள். டேனரியில் நல்ல கைகாரன் என்று பேர் வாங்கியவன் அவன். அவள் கையைப் பார்த்தபோது தன்னுடையது கையே இல்லை, கத்தியின் இன்னொரு பிடி என்று நினைத்துக்கொண்டான்.

ஜூன் பாதியில் மழை இறங்கியது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒருநாள் காலை ஓரத்துப் பித்தான் ஒன்றின் உச்சி பிளந்து இரண்டு இலை எட்டிப் பார்த்தன, எலியின் காதுபோல. பிறகு பக்கத்தில், பிறகு அதற்குப் பக்கத்தில். ஆடி முடியுமுன் இலைகளுக்கு நடுவிலிருந்து நூல் கனத்தில் ஒரு காம்பு கிளம்பியது. அன்னத்தாய் யாரிடமும் சொல்லவில்லை. பெரியநாயகத்திடம்கூடக் கண்ணால்தான் காட்டினாள்.

பூத்துவிட்டது. கம்பரிசிப் பருமனில் வெள்ளைப் பூக்கள், காம்பில் ஒரே பக்கமாகப் பார்த்து வரிசையாக நின்றன. தள்ளி நின்றால் தூசி. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒவ்வொன்றுக்கும் இதழ் இருந்தது, இதழில் நரம்பு இருந்தது, நடுவில் மஞ்சள் தொட்ட நாக்கு இருந்தது. ஆள் உயர மரத்துப் பூவுக்கு என்னென்ன உண்டோ அதில் ஒன்றையும் குறைக்காமல், இடம் மட்டும் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தது.

சந்து முழுக்க வந்து பார்த்தது. குழாயடிக் காவல்காரன் கணேசபாண்டியன் குடையை மடக்கிவிட்டுக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. மழை அவன் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"இதுக்காவே அன்னைக்கு ரெண்டாவது குடம் கேட்டீரு?"

"ஆமா."

"வெளங்கச் சொல்லியிருக்கலாம்லா."

"எனக்கே தெரியாதேவே."

பூ வாடுவதற்குள் கணக்கைத் தீர்த்துவிடவேண்டும் என்று அன்னத்தாய் குழாயில் ஒரு குடம் பிடித்து, துணியால் மூடி, புருஷன் தலையில் ஏற்றி, பேகத்தின் வாசலுக்குக் கூட்டிப் போனாள். பேகம் கூரைக்கடியில் அண்டாவும் தேக்சாவும் வரிசையாக வைத்திருந்தாள். எல்லாம் நிரம்பி வழிந்தன. குடத்தைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

"இத நான் எங்க ஊத்த? தலையிலயா?"

"கடன்னு சொன்னேல்லா. வாங்கிக்கோ தாயி" என்றாள் அன்னத்தாய்.

"நான் குடுத்தது மே மாசத்துத் தண்ணி அக்கா. நாங்க நாலு பேரு நாக்கு வறண்டு கெடந்து குடுத்தது. ஆவணி மழையில கொண்டாந்து ஊத்தினா அது தீந்துருமா? மே மாசம் கொண்டாங்க, வாங்கிக்கிடுதேன்."

உள்ளேயிருந்து கரீம் பாட்சா, "அவ சொல்றதுதான் சரி" என்றான். முதல் தடவையாக அவனும் பெண்டாட்டியும் ஒரே பக்கம் நின்றார்கள்.

பெரியநாயகம் குடத்தை இறக்காமலே திரும்பி நடந்தான். பேகத்துக்கு அவர்கள் தரவேண்டியது ஒரு குடம் நல்ல தண்ணீர், மே மாதத்தில்.