பதினான்கு குரல்கள்

பழைய சூதாட்ட மண்டபத்தில் காலையிலிருந்து வரிசை நின்றது. வெள்ளைக்காரனை எதிர்த்து ஹாங்காங்கில் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலாளர்கள் காண்டனுக்கு வந்து பதினைந்து மாதமாகிறது. சம்பளம் இல்லை, ஒரு வேளைக் கஞ்சிதான். கப்பலுக்கு நிலக்கரி சுமந்த குவாயின் கையில், பெயர் பொறித்த இரண்டு மூங்கில் வில்லைகள் இருந்தன. ஒன்று அவனுடையது. மற்றது எட்டு நாளுக்கு முன் காய்ச்சலில் செத்துப்போன மோக் ஷுன்னுடையது.

மேசைக்குப் பின்னால் ஹாங்காங் அரசின் வெள்ளை அதிகாரிகள் இருவர். காண்டன் அரசுக்கு அவர்கள் கடன் கொடுத்தால் வேலைநிறுத்தம் முடியும், பட்டியலில் உள்ளவர்களுக்குத் தலைக்கு நூறு வெள்ளிக்காசு கிடைக்கும் என்று பேச்சு. பெயரைக் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, வில்லையைக் கூடையில் போட்டுவிட்டு வரிசையில் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

"கடன் குடுக்கறானாம். வட்டிக்கு நம்ம பல்லப் புடுங்கிக்குவான்" என்றான் முன்னால் நின்றவன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வாசலில் மோக்கின் மனைவி யூன் நிறைமாத வயிற்றோடு நின்றாள். "அண்ணே, அவரு பேருக்கு ஒரே ஒரு வாட்டி குரல் குடுங்க" என்று நேற்றே கெஞ்சியிருந்தாள்.

கஞ்சி காய்ச்சும் சமையல்காரன் பாக் வந்து, குவாயின் காதருகே குனிந்தான். "டேய், செத்தவன் பேருக்கு வாயத் தொறக்காத. உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருவான்."

"அவ வயித்துக்கு நீ பதில் சொல்றியா?"

"மோக் ஷுன்!" என்று மேசையருகே நின்ற மொழிபெயர்ப்பாளன் கூப்பிட்டான்.

குவாய் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து, "வந்துட்டேன்" என்றது ஒரு குரல். கூடையில் மூங்கில் விழுந்த சத்தம் கேட்டது. மோக்கின் வில்லையோ இன்னும் குவாயின் உள்ளங்கையில் வேர்வையில் நனைந்து கிடந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் மண்டபத்தில் செத்தவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பெயருக்கும் பதில் வந்தது. அதிகாரிகள் காகிதத்திலிருந்து தலை நிமிரவேயில்லை.

மதியம் அவர்கள் எழுந்து படகுத்துறைக்குப் போனார்கள். மொழிபெயர்ப்பாளன் மட்டும் தங்கினான்.

"கடன் துறைமுகம் கட்டவும் ரயில் போடவும் மட்டுந்தானாம். ஆளுங்களுக்குக் காசு கெடையாதாம்."

"அப்புறம் எதுக்குய்யா தலைய எண்ணுனான்?" என்றான் குவாய்.

"துறைமுக வேலைக்கு எத்தன பேரு தேறுவாங்கன்னு பாக்கத்தான்."

வரிசை கலைந்தது. யாரும் நேராக நடக்கவில்லை. நடுவே காலியாக இருந்த பதினான்கு இடங்களை, அங்கே ஆள் நிற்பதுபோல, தோள் படாமல், சுற்றிக்கொண்டு போனார்கள். அவற்றில் ஒன்றின், மோக்கின் பெயருக்குக் குரல் வந்த இடத்தின், முன்னால் யூன் வந்து நின்றாள்.

"கஞ்சி ஆறிடும், வாங்க" என்றாள்.