விருப்ப வரிசை

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் யாரும் விண்ணப்பப் படிவத்தைப் படிப்பதில்லை. பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். பெயர், முகவரி, ரத்த வகை எல்லாவற்றையும் நானே கேட்டுக் கேட்டு எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டு நீட்டுவேன். வக்கீல், வாத்தியார் என்ற பேதமே கிடையாது. எல்லோரும் குறி இருக்கிற இடத்தில் கிறுக்கிவிட்டு, "எப்போ சார் வண்டியில ஏறலாம்?" என்பார்கள். அவர்கள் வீட்டை என் பேருக்கு எழுதிக்கொண்டிருந்தால்கூடத் தெரிந்திருக்காது. நல்லவேளை, நான் யோக்கியன். என் தங்கையின் படிவம் என் மேஜைக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம். அப்பா முதலில் போனார். அவளுக்கு ஐந்து வயதாகும்போது அம்மாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடச் சேர்க்கை, தடுப்பூசி அட்டை, பரீட்சை விண்ணப்பம் என்று அவளுக்கான காகிதம் ஒவ்வொன்றும் என் கையெழுத்தில்தான். என் மனைவி வந்த பிறகு சாப்பாடும் தலை வாருவதும் அவள் பொறுப்பாயிற்று. காகிதம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வீட்டில் தங்கைக்குப் பெயர் வாலு. பத்தொன்பது வயதாகியும் பெயர் மாறவில்லை, மாற்றுகிற மாதிரி அவளும் நடந்துகொள்ளவில்லை. மெக்கானிக் படிப்பு முடித்தவள். என் பயிற்சிக் கார் லேசாக இருமினால் போதும், பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிடுவாள்.

படையில் சேரப் போகிறேன் என்று அவள் சொன்னதும் தாம்தூம் என்று குதித்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சரி என்றேன். அவள் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. ஆனால் எந்தப் படை என்பதில்தான் வினை வந்தது. படிவத்தில் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று கட்டங்கள் இருந்தன. விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். ஒன்று போட்ட படைதான் பெரும்பாலும் கிடைக்கும் என்றார்கள்.

"கடற்படை ஒண்ணு. மத்தது ரெண்டும் உன் இஷ்டம்," என்றாள். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்க வேண்டுமாம். மூன்று மாடி உயரத்துக்கு எஞ்சின் இருக்குமாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நானும் விசாரித்தேன். விமானப்படைத் தளம் எங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம். தரைப்படை முகாம் என்றால் ஒரு நாள் பயணம், அதுவும் போகலாம். கப்பலில் ஏறினால் ஆறு மாதம் தண்ணீரிலேயே. வாரக்கணக்கில் போன்கூடக் கிடையாதாம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கார் ஓட்டுவது. அவளுக்கு ஒரு காய்ச்சல் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் எதிரே நிற்க வேண்டும். கடலுக்கு எந்த ரோட்டில் போவது?

விமானப்படைக்கு ஒன்று போட்டேன். தரைப்படைக்கு இரண்டு. கடற்படைக்கு மூன்று. கூட்டல் குறி போட்டு நீட்டினேன். அவள் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பிறகு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிளட்சை விடத் தெரியாத ஒரு பெரியவரை நடுரோட்டில் வைத்துக் கத்திவிட்டேன். அவர் மறுநாளே வேறு பள்ளிக்குப் போய்விட்டார். "உங்களுக்கு என்னதான் ஆச்சு? எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழறீங்க," என்றாள் மனைவி. அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள்.

இருபதாம் நாள் நேர்முகத் தேர்வு. பயிற்சிக் காரிலேயே கிளம்பினோம். தங்கை ஓட்டினாள். பக்கத்தில் நான், என் காலடியில் வாத்தியாருக்கான இரண்டாவது பிரேக்.

"கடற்படையை ஏன் முதல்ல போட்டீங்கன்னு கேப்பாங்க இல்லண்ணா? என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கினேன். மூன்றாவது தடவை கேட்டபோது என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. வண்டி ஓரமாகக் குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனாலேயே எங்களைத் திட்டிவிட்டுப் போனான்.

"மூணாவது," என்றேன்.

"என்ன மூணாவது?"

"கடற்படைய மூணாவதா போட்டுட்டேன். விமானப்படைதான் ஒண்ணு. உன்கிட்ட சொல்லல. தப்புதான்."

அவள் எஞ்சினை அணைத்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி கை பிரேக்கைப் போட்டு, நான்கு விளக்கையும் மினுக்க விட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "தெரியும்."

"என்ன தெரியும்?"

"கையெழுத்து போடும்போதே பாத்தேன். நான் என்ன உன்கிட்ட வண்டி கத்துக்க வந்தவளா, படிக்காம போடறதுக்கு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்புச் செய்தவன் நான், கோபமும் எனக்குத்தான். "பாத்துட்டு எதுக்குடி போட்ட? அப்பவே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். அண்ணிக்குப் புடவை வாங்கினா வாசல்லயே உளறிடற ஆளு நீ. உன்னால ஒரு நாள் ஒண்ண மறைக்க முடியுமா? இருபது நாள் மறைச்சிருக்க. அப்போ உனக்கு நிஜமாவே முடியலன்னுதானே அர்த்தம்? இன்னிக்கும் நீ சொல்லலன்னா, பேசாம விமானப்படைக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"கடல் வேணாமா?"

"வேணும்தான். ஆனா நீ இங்க தினம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தா, அங்க எனக்கு எஞ்சின் என்னத்துக்கு?"

அவள் வண்டியை எடுத்தாள்.

தேர்வு அலுவலகத்தில் நீளமான ஒரு கூடம், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள் படிவத்தை எடுத்து எங்கள் முன் வைத்தாள். "திருத்தம் ஏதாவது இருந்தா இப்பவே பண்ணிடுங்க. உள்ள போனப்புறம் முடியாது. யார் நிரப்பினாங்களோ அவங்களே அடிச்சு எழுதணும். பொண்ணு பக்கத்துல கையெழுத்து போடணும்."

தங்கை படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "நீயே எழுதுண்ணா. இல்ல, அப்படியே விட்டாலும் சரி. மனசாரத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவது என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதை அவ்வளவு அக்கறையாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

பேனா என் கையில் இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். மூன்று மணி நேரத் தூரத்தில் இருப்பாள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவள் அண்ணியும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அவள் குறை சொல்லவே மாட்டாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே எங்களை வாசலில் வரவேற்பதுகூட என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பை ஒவ்வொரு மாதமும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வர என்னால் முடியாது என்றும் தெரிந்தது.

விமானப்படைக்கு எதிரே இருந்த ஒன்றை அடித்து மூன்று ஆக்கினேன். கடற்படைக்கு எதிரே இருந்த மூன்றை அடித்து ஒன்று போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் பார்க்காத மாதிரி இழுப்பறையில் எதையோ தேடினாள்.

"வாலு, வா."

வந்து பார்த்தாள். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். என் சட்டைக் காலரை இழுத்து நேராக்கிவிட்டு, உள்ளிருந்து கூப்பிட்டதும் போனாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் அதற்கு அருகில் இருந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் அதிகாரியின் குரல்: "முதல்ல விமானப்படைன்னு போட்டிருக்கீங்க. இப்போ அதை அடிச்சுட்டு கடற்படை. எண் போட்டதும் உங்க எழுத்து இல்ல. இது யாரோட விருப்பம்மா?"

"முதல்ல போட்டது எங்க அண்ணனோட விருப்பம், சார்," என்றாள் அவள். "அடிச்சு எழுதினதும் எங்க அண்ணனோட விருப்பம்தான்."